பழகிய கை

உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்ட இறால்கள் இன்னும் முழுதாக இளகவில்லை. ஆகவே சொல்வதற்குத் தனபாக்கியத்திடம் நேரம் இருந்தது. குளியலறையில் குழாய் ஓடியது. வினோதினி கைகழுவிக்கொண்டிருந்தாள், சோப்புப் போடாமல், முழங்கை வரை, விரல் இடுக்குகளில் நீர் புகும்படி, தனபாக்கியத்தின் மகன் பரணி கற்றுக்கொடுத்த விதத்தில். சோப்பு வாசனை ஏறிய கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். அவன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் பெரம்பூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே குளியலறைக்குப் போய், அவன் சொன்னபடியே கழுவுகிறாள். கணவன் சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கேட்பவள் அந்த ஒரு நாள் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று தனபாக்கியம் நினைத்தாள். நினைத்த உடனே, பொங்கி வரும் பாலை ஊதி அமர்த்துவதுபோல அந்த நினைப்பை ஊதி அமர்த்தினாள். இப்போது அது வேண்டாம். இப்போது வேண்டியது ஒரு வாக்கியம். தொட்டியில் இருப்பது பழைய துரை இல்லை, கையை விடாதே. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். துரை என்பது பரணி ஓர் அஞ்சாலை மீனுக்கு வைத்த பெயர். விலாங்கைப்போல நீண்டு, முழங்கைப் பருமனில், மஞ்சள் கலந்த பழுப்புத் தோலில் கரும்புள்ளிகள் அப்பிய மீன். கூடத்துச் சுவரை ஒட்டிய உப்புநீர்த் தொட்டியில், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் உடலைச் செருகிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, வீட்டில் யார் வந்தாலும் போனாலும் அசையாமல் பார்த்திருந்த தோரணைக்காக அந்தப் பெயர். அதற்குப் பார்வை மட்டு, வாசனைதான் எல்லாம். தன் கையிலிருந்து இறாலை வாங்கித் தின்ன அதைப் பரணி பழக்கினான்; பிறகு வினோதினியின் கைக்கும் பழக்கினான். பல் படாமல், விரல் நுனியிலிருந்து, மெதுவாக வாங்கிக்கொள்ளும். தனபாக்கியத்தின் கையிலிருந்து அது ஒரு நாளும் வாங்கியதில்லை. அவள் நீட்டியதும் இல்லை. அவளுக்கு நீளமான இடுக்கி ஒன்று இருந்தது.

பழைய துரை செத்தது தன் தவறால் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அமிலக் குப்பிகளின் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காகப் படிக்க வந்த பெண்களை அழவைத்தவள். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, மட்டம் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவளுக்குப் பரணி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உப்பை அளப்பதற்கு அவன் வாங்கிவைத்திருந்த கருவியில் ஒரு முள் உண்டு. தொட்டி நீரை அதில் மொண்டால் முள் மிதந்து எழுந்து அளவைக் காட்டும். அந்த முள்ளின்மேல் உப்பே படிந்து, இறுகி, கனத்திருந்தது. கனத்த முள் எழவில்லை. எழாத முள்ளைப் பார்த்து, உப்புக் குறைந்துவிட்டது என்று அவள் உப்புப் போட்டாள். மறுமுறையும் முள் எழவில்லை, மறுமுறையும் போட்டாள். துரை குழாயை விட்டு வெளியே வந்து, கண்ணாடி மூலையில் தலையை நிமிர்த்தி நின்றது. பசி என்று நினைத்தாள். அதன் தோல் மங்கியது. வயது என்று நினைத்தாள். ஒரு காலையில் அது மணல்மேல் புரண்டு வெளிறிய அடிவயிற்றைக் காட்டிக் கிடந்தபோதுதான், கருவியை வினிகரில் ஊறவைத்துத் துலக்கி, மீண்டும் நீரை மொண்டு பார்த்தாள். முள் துள்ளி எழுந்து கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் நின்றது. அளவை நம்புகிறவள், அளவைக் காட்டும் முள்ளை ஒரு முறைகூடச் சந்தேகப்படாதவள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் அப்படித்தான் நம்பினாள். அதுவும் இப்போது வேண்டாம். செத்ததைச் செய்தித்தாளில் சுற்றி மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், கறிவேப்பிலைச் செடி நிற்கும் சிமெண்டுத் தொட்டியைத் தோண்டிப் புதைத்தாள். செடி அதன்பிறகு நன்றாகத் துளிர்க்கிறது. இன்றைக்கு ரசத்தில் கிள்ளிப் போட்டதும் அந்தச் செடியின் கொத்துதான். கிள்ளும்போது கை தயங்கவில்லை என்பதைத் தானே கவனித்துக்கொண்டாள்.

குழாய் நின்றது, இல்லை, மறுபடி திறந்தது, மற்றொரு கைக்கு. இன்னும் நேரம் இருக்கிறது. கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி இந்தப் புதியதை வாங்கி வந்தபோது அவள் மனத்தில் கெடுதல் ஏதும் இருக்கவில்லை. இதை அவள் யார் முன்னாலும் சொல்லத் தயார். வினோதினி வருவது தனக்காக என்று நம்பும் அளவுக்கு அவள் பேதை இல்லை. துரைக்காக வருகிறாள். துரை இல்லையென்றால் முதல் ஞாயிறு இல்லை. சில மாதங்களுக்குத் தொலைபேசி, அப்புறம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, அப்புறம் அதுவும் இல்லை. கணவர் எப்போதோ போய்விட்டார். பிள்ளையும் போன பிறகு, ஒரு மாதம் முழுவதும் இந்த வீட்டில் மனிதக் குரலென்று கேட்பது அந்த ஒரு நண்பகல்தான். ஆகவே அதே நீளத்தில், அதே புள்ளியில் ஒன்று வேண்டியிருந்தது. கடைக்காரர் தண்ணீர் நிறைந்த பையைக் கட்டிக்கொண்டே, "கடல்லேர்ந்து வந்து இன்னும் பழகலம்மா. கையக் கிய்ய உள்ள விட்றாதீங்க, பிஸ்கட்டுன்னு நெனச்சிக்கும்" என்று சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாரும் பழக்கமானவங்கதான்" என்று அவளும் சிரித்தாள். அன்று அந்தப் பதிலுக்கு ஒரு பொருளும் இல்லை. அன்று அவள் உண்மையாகவே நினைத்தது, வினோதினியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி இடுக்கியால் போடச் சொல்லிவிடலாம் என்பதுதான். துரைக்கு வாயில் புண், கொஞ்ச நாளைக்குக் கை வேண்டாம். இப்படி ஒரு வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அதன்பிறகு மாடிவீட்டு அமுதவல்லி, துணி காயப்போட வந்த இடத்தில், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே சொன்னாள்: "ஒங்க மருமகளுக்கு எடம் அமைஞ்சிருக்காமே. கூட வேலை செய்யறவராம். நல்லதுதானே, அதும் எத்தினி நாளைக்குத் தனியா கெடக்கும்." நல்லதுதான் என்று தனபாக்கியமும் சொன்னாள். அன்று மாலையே வினோதினியின் தொலைபேசி. "ஞாயித்துக்கிழமை வர்றேன் அத்தை. ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்றேன்." அந்தக் குரலில் இருந்த கூச்சம், புதுப்புடவையின் கஞ்சி மொடமொடப்பைப்போல, அவள் காதில் நெடுநேரம் இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து தொட்டியில் அவள் இறால் போடவில்லை. புதிதாக வந்த மீனுக்கு அதிகம் தீனி போடக் கூடாது; நீர் கெட்டுப்போகும். காரணம் சரியானதுதான். சரியான காரணங்கள் அவளுக்கு எப்போதும் எளிதாகக் கிடைத்துவிடும்.

வினோதினி ஈரக்கைகளை உடலில் படாமல் முன்னால் தூக்கிப் பிடித்தபடி, அறுவைக்குப் போகும் மருத்துவரைப்போல, கூடத்துக்கு வந்து நின்றாள். கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. எழுத்துகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டி, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று நாள் முழுவதும் கேட்கிறவள். அவளுடைய கண்ணுக்கு எது தெரியாமல் போகும் என்ற பயத்தில்தான் தனபாக்கியம் காலையிலேயே தொட்டி விளக்கை மங்கவைத்திருந்தாள். பழைய துரைக்கு மூக்கின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் குழல்களில் ஒன்று பாதியில் கிழிந்திருக்கும். வடிகட்டியில் சிக்கிக் கிழிந்தது. புதியதற்கு இரண்டும் முழுதாக இருந்தன. இரண்டு அரிசி அளவு. வினோதினி கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்தாள். "என்ன அத்தை, துரை இன்னைக்கு ரொம்ப வெறைப்பா இருக்காரு. வணக்கம் வச்சேன், கண்டுக்கவே இல்லை." தனபாக்கியம் சமையலறை வாசலிலேயே நின்று, "மொதலாளிக்குப் பசி" என்றாள். "எளைச்சிருக்காரு. கழுத்தாண்ட பாருங்க." "மாசத்துக்கு ஒரு தரம் பாக்கறவளுக்குத் தெரியும். தினம் பாக்கறவளுக்கு என்ன தெரியும்?" அந்தக் குத்தலை வினோதினி வழக்கம்போல வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "லைட்டை ஏன் இவ்ளோ கொறைச்சிருக்கீங்க?" "பாசி புடிக்குது." "அதானே பாத்தேன். ஏதோ வேற ஆளு மாதிரி இருக்காரேன்னு. ஊரு கண்ணெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பண்ணி என் கண்ணு போச்சு அத்தை. எனக்கு நானே சீட்டு எழுதிக்கணும்." சிரித்தாள். அவள் சிரிக்கும்போது மேலுதட்டின் ஓரம் சற்றே ஏறும். அதைத்தான் முதலில் பார்த்தேன் அம்மா என்று பரணி ஒரு முறை சொன்னான். எதை அம்மாவிடம் சொல்வது என்ற விவஸ்தை இல்லாத பிள்ளை. அந்த உதட்டோரத்தை இப்போது வேறொருவன் பார்க்கிறான். பார்த்து அவனும் தன் அம்மாவிடம் சொல்லியிருப்பான். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைக்க எழுந்திருப்பாள், அந்தப் பெண்பிள்ளையின் மகன் உயிரோடு இருக்கிறான். வேற ஆளு மாதிரி. அவளே சொல்லிவிட்டாள். ஆமாம், வேற ஆள்தான் என்று இந்த இடத்தில் சேர்த்துக்கொண்டால் முடிந்தது. பேச்சு தானாகவே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, உள்ளே ஓர் அடி வைத்தால் போதும். தனபாக்கியம் கிண்ணத்தில் விரலை விட்டு இறாலை அழுத்திப் பார்த்தாள். நடுவில் இன்னும் கல்லாக இருந்தது.

கடித்தால் இழுக்கக் கூடாது. பரணியை ஒரு முறை பழைய துரையே, பழகுவதற்கு முன்னால், கடித்திருக்கிறது, திருமணமான புதிதில். வலியில் முகம் வெளுத்த நிலையிலும் அவன் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு மனைவிக்குப் பாடம் நடத்தினான். பல்லெல்லாம் உள்பக்கம் சாஞ்சிருக்கும் வினோ, தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு, இழுத்தா சதை அதோட போயிடும். சும்மா இருந்தா அதுவே விட்டுடும். அப்போது வினோதினி அழுதாள். தனபாக்கியம் அழவில்லை, மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். சும்மா இருந்தால் அதுவே விட்டுவிடும். சும்மா இருப்பது ஒரு செயலா? கையை ஓங்குவது செயல், நெருப்பு வைப்பது செயல். கிண்ணத்தோடு ஒரு வாசலில் நிற்பதை எவன் செயல் என்பான்? அன்றைக்கும் அவள் சும்மாதான் இருந்தாள். காலையில் பரணிக்குக் காய்ச்சல் கொதித்தது. லீவு போடு என்று அவன் சொல்ல, ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்தில் கண் முகாம், பேர் கொடுத்தாகிவிட்டது என்று வினோதினி சொல்ல, வார்த்தை தடித்து, கதவை அறைந்துகொண்டு அவள் போனாள். மதியம் காய்ச்சல் இறங்கியது. தெர்மாமீட்டரில் இயல்பான அளவு. தனபாக்கியம் அதை இருமுறை உதறி இருமுறை வைத்துப் பார்த்தாள். கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். திருமணத்துக்குப் பிறகு அவன் அவள் கையால் உண்டது அன்றுதான். அப்போது அவன் கண்ணைத் திறக்காமலேயே, "வினோவக் கூப்பிடும்மா" என்றான். காய்ச்சல் இறங்கிடுச்சுப்பா, அவளை எதுக்கு அலையவைக்கணும் என்றாள். மறுபடி சொன்னான். சரி என்றாள். தொலைபேசி அலமாரிமேல் இருந்தது. அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. அந்த நண்பகல் எவ்வளவு அமைதியாக இருந்தது. காய்ச்சல் இறங்கும் வேளைதான் டெங்குவில் ஆளை விழுங்கும் வேளை என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள். மாலையில் அவன் கைகால் சில்லிட்டது. சவத்தின் காலடியில் உட்கார்ந்திருந்த வினோதினி, உறவினர்கள் எல்லோரும் அவளைப் பார்த்த பார்வைக்கு நடுவே, தனபாக்கியத்தின் முழங்காலைத் தொட்டு, "என்னைக் கேட்டாரா அத்தை?" என்றாள். தனபாக்கியம் இல்லை என்றாள். ஒரு சொல்தான். ஏன் சொன்னாள்? கேட்டான் என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ஒழுங்கான மனத்தில் ஒரு கேள்விக்குப் பின்னால் அடுத்த கேள்வி வரிசையில் நிற்கும். அவ்வளவுதான். கெடுதல் ஏதும் இல்லை.

இறால் இளகிவிட்டது. நடு விரலாலும் கட்டைவிரலாலும் அமுக்கினாள், அமுங்கியது. இனி நேரம் என்ற சாக்கு இல்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் வைத்தாள். ஆணி காலியாக இருந்தது. எப்போதும் இடுக்கி அந்த ஆணியில் தொங்கும்; காலையில் கழுவிச் சமையலறையில் கவிழ்த்துவைத்தாள், வெயில் படட்டும் என்று. வினோதினி எந்த நாளும் இடுக்கியைத் தொட்டதில்லை. ஆகவே அதை எடுத்ததால் எதுவும் மாறிவிடவில்லை. இருந்தும் ஆணி காலியாக இருப்பது கண்ணை உறுத்தியது. வினோதினி மூடிமேல் பாரத்துக்காக வைத்திருந்த அம்மிக்குழவியை இரு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். பாரம் இல்லாவிட்டால் துரை மூடியைத் தலையால் நெம்பிக்கொண்டு வெளியே விழுந்துவிடும் என்பதற்காகப் பரணி அம்மாவின் அம்மியிலிருந்து எடுத்துவைத்த குழவி. அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் அம்மியில் அரைக்கவில்லை. மூடியை இடக்கையால் உயர்த்திப் பிடித்தாள். உப்பும் பாசியும் கலந்த வாசனை எழுந்தது. குழாய்த் துண்டின் வாயில் தலை அசைந்தது. மூக்குக் குழல்கள் இரண்டும், முழுதாக இருந்த இரண்டும், நீரில் துழாவத் தொடங்கின. "அத்தை" என்றாள் வினோதினி, இறாலைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பாமலே. "மொதல்ல சொல்லிடட்டுமா, இல்ல இவருக்குப் போட்டுட்டுச் சொல்லட்டுமா?" அவளுடைய பின்கழுத்தில் வேர்த்திருந்தது. இரவெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள். எந்தச் சொல்லில் தொடங்குவது, அத்தை அழுதால் என்ன செய்வது என்றெல்லாம். தனபாக்கியத்துக்கு ஒரு கணம் அவள்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிற்பாடு எண்ணிப் பார்க்கும்போதும் அதை அவள் மறுக்க மாட்டாள். இப்போது அவளைப் பேசவிட்டால் மூடி தாழும், கை விலகும், இருவரும் நாற்காலியில் உட்காருவார்கள், அவன் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்க வேண்டும், நல்லா இரும்மா என்று சொல்ல வேண்டும், அதன்பிறகு இந்தப் பெண் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போவாள், படியின் வளைவில் அவள் தலை மறையும், துரை அங்கேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், அடுத்த ஞாயிறு ஒரு ஞாயிறாக மட்டும் இருக்கும். "பாவம், அது பசியோட இருக்குது" என்றாள் தனபாக்கியம். "போட்டுட்டுச் சொல்லு."

கை உள்ளே இறங்கியது. மணிக்கட்டு வரை, அதற்கும் கீழே; இறாலை விரல் நுனியில் ஏந்தி, அசைக்காமல், நீர் அதன் வாசனையைக் கொண்டுபோகட்டும் என்று காத்து நின்றது. எவ்வளவு பொறுமையான கை. அந்தக் கையை அவள் முன்னொரு நாள் மருதாணியோடு பார்த்திருக்கிறாள். குழாய்க்குள்ளிருந்து உடல் அளவின்றி வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமா என்று தனபாக்கியமே வியந்தாள். தலை இறாலைத் தாண்டிப் போயிற்று. தாண்டி, விரலின் அடியில் ஒரு கணம் நின்றது; இப்போதுகூடச் சொல்லலாம், இப்போதுகூட ஒரு மூச்சு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது வாயை அகலத் திறந்து இரண்டு விரல்களை அடிவரை உள்ளே வாங்கி மூடிக்கொண்டது. வினோதினி கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள்; இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. மூடி அவள் இடக்கையிலிருந்து நழுவி முழங்கைமேல் விழுந்தது. "இழுக்கக் கூடாது" என்று அவளே சொல்லிக்கொண்டாள், மிக மெல்ல, தேர்வில் விடையை நினைவுபடுத்திக்கொள்ளும் பெண்ணைப்போல. "இழுக்கக் கூடாது. இழுக்கக் கூடாது." பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஒரு துகளைக் குடுவை நீரில் போட்டால் இழை இழையாகப் பிரிந்து இறங்குமே, அப்படி இறங்கியது இரத்தம், கீழே போகப் போக நிறம் வெளுத்தது. தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த இடத்திலிருந்து மீனின் உடல் மெல்ல ஒரு முறை முறுக்கிக்கொண்டது. ஆனால் வினோதினியின் கை அசையவில்லை. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடி, அவள் சும்மா இருந்தாள். எவ்வளவு நல்ல மாணவி. அப்புறம், பரணி சொன்னபடியே, அது தானாகவே விட்டது. மணலில் கிடந்த இறாலைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே, வால் முதலாகக் குழாய்க்குள் போயிற்று.

டெட்டாலையும் பஞ்சையும் எடுத்துவரத் தனபாக்கியத்துக்கு நேரம் ஆகவில்லை. எது எங்கே இருக்கும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்த வீடு. "எரியும்" என்றாள். "எரியட்டும்" என்றாள் வினோதினி. தரையில் குழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விரல்களைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஓரிடத்தில் மட்டும் சதை பிளந்திருந்தது. சிரிக்க முயன்றாள். "மாசாமாசம் தின்னுட்டு, நன்றியைப் பாருங்க." தனபாக்கியம் கட்டுத்துணியைச் சீராக, மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று பாதி பாதி ஏறும்படி, சுற்றினாள். "சாயங்காலம் ஒரு ஊசி போட்டுக்கலாம்." "ம்." தனபாக்கியம் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "தெரிஞ்சிருக்கு அத்தை" என்றாள் வினோதினி. சிரிப்பு போயிருந்தது. "என்ன தெரிஞ்சிருக்கு? யாருக்கு?" "நான் என்ன சொல்ல வந்தேன்னு." தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "இது அவர் கையில வளந்தது. பழகுனதுக்கப்புறம் இத்தனை நாள்ல ஒரு தடவை பல்லு பட்டதில்லை. இன்னைக்குத்தான் கடிக்குது. ஹாஸ்பிடல்ல ஒருத்தர் கேட்டாரு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. சரின்னு சொல்லலாம்னு இருந்தேன். உங்ககிட்ட சொல்லிட்டு. இதுகிட்டயும் சொல்லிட்டு." துணியின் முனையை நடுவே கிழித்து முடிச்சுப் போட வேண்டும். தனபாக்கியம் பல்லால் கிழித்தாள். "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்றாள், கேட்கும்போதே, இந்தக் கேள்வி எதையும் தடுக்காது, இன்னும் ஆழமாக உள்ளேதான் தள்ளும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "பைத்தியக்காரத்தனம்தான். தெரியுது. ஆனா அன்னைக்கும் சண்டை போட்டுட்டுத்தானே போனேன். அவ்ளோ முடியாம இருந்தும் கடைசிவரைக்கும் என்னைக் கேக்கவே இல்லைல்ல அத்தை அவரு?" கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டுப் போட்ட கை தனபாக்கியத்தின் மடியில் இருந்தது, சூடாக இருந்தது, துணிக்கு அடியில் நாடி துடிப்பது விரலில் தெரிந்தது. இரண்டு வாக்கியங்கள். கேட்டான், நான்தான் உன்னைக் கூப்பிடவில்லை. துரை செத்துவிட்டது, இது கடையில் வாங்கியது. இவ்வளவுதான், எழுவாயும் பயனிலையும் பிசகாமல், எப்போதிலிருந்தோ தயாராக இருக்கும் இரண்டு வாக்கியங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னாலும் போதும், இந்தப் பெண் எழுந்து நடந்துவிடுவாள். எழுந்து நடந்துவிடுவாள். அந்த இடத்தில் மனம் முள்ளில் சிக்கிய புடவைபோல நின்றது. முன்னால் இழுத்தாள், வரவில்லை. பின்னால் வந்தாள், எளிதாக வந்தது. "இல்லம்மா" என்றாள் தனபாக்கியம். "கேக்கல." பிறகு, வினோதினியின் முகம் அப்படியே மெல்ல அணைவதைப் பார்த்து, நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கிவிட்டு, "அவன் கோபம் உனக்குத் தெரியாததா? தணிஞ்சிடும்" என்றாள். தன் குரல் இவ்வளவு மென்மையாக இருப்பதைக் கேட்க அவளுக்கே ஆறுதலாக இருந்தது.

குழவியை மூடிமேல் அவளே தூக்கி வைத்தாள். இடுக்கியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். நாளையிலிருந்து இதைப் பழக்க வேண்டும். முதலில் நீளமான குச்சியில், பிறகு சின்னக் குச்சியில், பிறகு கையில். அடுத்த முதல் ஞாயிற்றுக்குள் கோபம் தணிந்திருக்க வேண்டும். உப்பு அளக்கும் கருவியின் முள்ளையும் கழுவ வேண்டும். கூடத்தில் வினோதினி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இடக்கைக் கட்டைவிரலால் எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். அனுப்பிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "நான் சொல்ல வந்தது ஒண்ணுமில்லை அத்தை" என்றாள். "விட்டுடுங்க." "விட்டாச்சு. சாப்பிட வா." தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். வினோதினி கட்டுப் போட்ட வலக்கையைப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்பூன் குடுங்க" என்றாள். "ஸ்பூன் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றாள் தனபாக்கியம். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். சோற்றைக் குழைவாகப் பிசைந்தாள்; கறிவேப்பிலையை ஒதுக்கவில்லை. உருட்டி, விரல் நுனியில் ஏந்தி, அசைக்காமல் நீட்டினாள். வினோதினி வெட்கத்தோடு தலையை அசைத்தாள், கை அங்கேயே நின்றது, அவசரம் இல்லை. அவளுக்குப் பின்னால் மங்கிய வெளிச்சத்தில் துரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் வினோதினி முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள். பல் படாமல், விரல் நுனியிலிருந்து, மெதுவாக வாங்கிக்கொண்டாள்.